பெற்றவர்களோடு ஒரு பிள்ளை மடுவம்

பிள்ளை பார்க்கும் வேலையில் பிள்ளைகள் லேசு. பெற்றவர்களிடம் பேசத்தான் தெம்பு வேண்டும். அடுத்தவர் பிள்ளையை ஒரு நாளாவது பார்த்துக்கொண்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இலங்கை மலையகத்தில், நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் மடுவத்துக்கு நான் பொறுப்பு.

வாயைத் திறங்க

திலக்சனுக்கு இரண்டு வயது. மடுவத்தில் ஒரு வாய் சோறு இறங்காது. காக்கா காட்டினோம், பாட்டுப் பாடினோம், ஒன்றும் நடக்கவில்லை. அவன் அம்மாவிடம் கேட்டால், வீட்டில் நன்றாகத்தான் சாப்பிடுகிறான் என்றார். எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. ஆனாலும் யார் ஊட்டுவது என்று கேட்டேன். அப்பாவாம்.

பெக்டரி வேலைக்குப் போகும் வழியில் அவரை ஒரு நாள் மடுவத்துக்கு வரச் சொன்னேன். வந்தவர் தரையில் உட்கார்ந்து, தட்டை மகனிடம் தள்ளிவிட்டு, வாயைத் திறந்தார். மகன் அவருக்கு ஒரு வாய் ஊட்டினான். பிறகு தன் வாயைத் திறந்தான். இவ்வளவுதான் விசயம். அன்றிலிருந்து அவன் பிசைந்த பருப்புச் சோறுதான் எனக்கும். தினமுமா என்று நான் இழுத்தபோது அவர் சொன்னார்: "பசி இல்லேன்னாலும் வாயத் திறங்க டீச்சர். அப்பதான் அவனும் திறப்பான்."

ஊஞ்சல் கூட்டம்

பெற்றோர் கூட்டம் என்றால் அப்பாமார் வரமாட்டார்கள். அது பொம்பளைங்க விசயம் என்பார்கள். அதனால் கூட்டம் என்ற பேச்சையே விட்டுவிட்டு, ஊஞ்சல் சங்கிலி அறுந்துவிட்டது, சரிசெய்து தர முடியுமா என்று அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குச் சொல்லியனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை குறடும் கம்பியுமாக வந்துவிட்டார்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு.

சங்கிலியை மாட்டிக்கொண்டே, என் மகள் யாரோடு விளையாடுவாள், இவன் யாரையாவது அடிக்கிறானா என்றெல்லாம் கேட்டார்கள். எந்தக் கூட்டத்திலும் நான் இவ்வளவு பேசியதில்லை. பிறகு ஊஞ்சல் பாரம் தாங்குமா என்று ஒவ்வொருவராக ஏறிப் பார்த்தார்கள். அந்தச் சோதனை முடிகிற மாதிரித் தெரியவில்லை. புருசனைத் தேடி வந்த ஒரு அம்மா வாசலில் நின்று சொன்னார்: "அவங்க ஆடி முடிச்சதும் சொல்லுங்க டீச்சர், எங்க புள்ளைங்களும் ஆடணும்."

யோகாவின் மகள்

கவிசா கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பேச்சும் வரவில்லை. அவள் அம்மா யோகாவைத் தனியாகக் கூப்பிட்டு, காதை ஒரு தடவை டொக்டரிடம் காட்டலாமா என்று கேட்டேன். என் பிள்ளை செவிடா என்று கோபித்துக்கொண்டு போனவர், மறுநாளிலிருந்து பிள்ளையை அனுப்பவில்லை.

சில நாள் பொறுத்து லயத்துக்குப் போனேன். பிளேன்டீ தந்தார், முகம் தரவில்லை. காதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. வீட்டில் இவளை எப்படிக் கூப்பிடுவீங்க, மடுவத்தில் எனக்கு அது பிடிபடவில்லை என்று மட்டும் கேட்டேன். லைட்டை அணைத்து அணைத்துப் போட்டால் ஓடி வருவாள் என்றார். சொன்னவர் சுவிட்சையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதுளை ஆஸ்பத்திரிக்கு நீங்களும் கூட வருவீங்களா என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டார். அம்மாவுக்குத்தான் தெரியும் என்று யோகாவைக் காட்டினேன். எல்லாவற்றையும் அவரே சொன்னார். பரிசோதித்து, காது கேட்கும் கருவி கொடுத்தார்கள். அதை மாட்டிய பிறகு பெய்த முதல் மழையில், தகரக் கூரைச் சத்தம் கேட்டு கவிசா என் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். சாயங்காலம் அதைச் சொன்னதும் யோகா வெகுநேரம் சிரித்தார், கொஞ்சம் அழுதார். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இப்ப நான் ஏசுறதும் இவளுக்குக் கேக்குது டீச்சர். அதனால கொறைச்சிக்கிட்டேன்."

ஆக, பிள்ளை வளர்க்கும் வேலையைப் பாதிக்கு மேல் பெற்றவர்களே எனக்குக் கற்றுத்தருகிறார்கள், சம்பளத்தை மட்டும் நான் தனியாக வாங்கிக்கொள்கிறேன்.