இரண்டாவது முழுக்கு

நாற்பது வருஷமாகத் தாமிரபரணியில் நான் மேல்படித்துறையில் குளிப்பேன். எங்கள் வயலில் உழும் சுடலை கீழே எருமைத்துறையில் குளிப்பான். இங்கிருந்தும் அங்கிருந்தும் உரக்கப் பேசிக்கொள்வோம். எனக்கு வேறு சிநேகிதன் கிடையாது.

சென்ற ஐப்பசியில் வெள்ளம் என்னை இழுத்துப்போனது. சுடலை பாய்ந்து வந்து, குடுமியைப் பிடித்துக் கரையேற்றினான். மூச்சு வந்ததும், அவன் தொட்ட தீட்டுக் கழிய, பழக்க தோஷத்தில் திரும்பவும் ஆற்றில் இறங்கினேன்.

"இப்பத்தானே உசிரு பொழச்சிய சாமி, மறுபடியும் முங்குதியளே?" என்று பதறினான். சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு பைய நடந்து போனான்.

மறுநாள் அவன் வரவில்லை. ஆள் அனுப்பினேன். வள்ளியூரில் மகள் வீட்டுக்கே போய்விட்டானாம்.

இப்போது நான் எருமைத்துறையில்தான் குளிக்கிறேன். மேல்படித்துறையிலிருந்து யாரும் என்னோடு பேசுவதில்லை. ஒரே முழுக்குப் போட்டுக் கரையேறிவிடுகிறேன்.