கையெழுத்துப் போட மறுத்த டாக்டரம்மா

போன மாதம் விருத்தாசலத்தில் என் அக்கா வீட்டுக்காரர் இறந்துபோனார். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

மாலை போட வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

"முகத்துல என்ன களை பாருங்க! தூங்குற மாதிரியே இருக்குது. நல்ல சாவு."

உண்மைதான். உயிரோடு இருந்தபோதுகூட மாமாவின் முகம் அத்தனை பளிச்சென்று இருந்ததில்லை. ஹார்ட் அட்டாக் என்று தெருவே முடிவு செய்துவிட்டது. நம் ஊரில் காரணம் தெரியாத சாவுக்கெல்லாம் அதுதானே பெயர்?

சாயங்காலம் எடுப்பதாக ஏற்பாடு. மாமா படுத்திருந்த பின்ரூமில் விளக்கேற்றி, காரியம் முடியும்வரை அக்காவும் மகளும் அங்கேயே படுத்துக்கொள்வது என்றும் சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மகளுக்குப் பரீட்சை என்பதால், மாமா இறந்த ராத்திரி இருவரும் முன்ஹாலில் படுத்திருந்தார்கள்.

பாக்கி ஒன்றுதான் – டாக்டர் சர்டிஃபிகேட்.

தெருமுனை கிளினிக் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தேன். இரண்டு நிமிஷ வேலை என்று நினைப்பு எனக்கு. அவரோ உதட்டைப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார், புரட்டச் சொல்லி முதுகையும் பார்த்தார்.

"இவரு படுத்திருந்த ரூமுக்குப் பக்கத்துல என்னம்மா இருக்குது?" என்று அக்காவிடம் கேட்டார்.

"பீங்கான் பொம்மை சுடுற சூளைங்க. ஷெட்டை வாடகைக்கு விட்டிருக்கோம். கேஸ்லதான் எரியுது, புகைகூட வராதுங்க."

"ஜன்னல்?"

"மழைன்னு சாத்திட்டுப் படுத்தாருங்க."

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க. நான் கையெழுத்துப் போட முடியாது. போலீஸுக்குச் சொல்லி போஸ்ட்மார்ட்டம் பண்ணிடுங்க."

மாமாவின் தம்பி எகிறிக் குதித்தார். "எங்க அண்ணனை அறுக்கணுமா? எங்க வூட்டுல என்ன கொலையா நடந்துபோச்சு?"

"கொலைன்னு சொல்லலீங்க. அவரு எதனால போனாருன்னு தெரியாம, அந்த ரூம்ல இன்னொருத்தரைப் படுக்க விட எனக்குத் தைரியம் இல்லீங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். "அறுத்துத்தான் ஆகணுமா தம்பி?"

மகளை ஒருமுறை பார்த்துவிட்டு... அக்காவே தலையாட்டினாள்.

போலீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி மார்ச்சுவரி வாசலில் குடையோடு நின்றோம். மாமாவை எந்தக் கோலத்தில் பார்க்கப்போகிறோமோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லபடியாகத் தைத்து, வெள்ளைத் துணி சுற்றிக் கொடுத்தார்கள். முகம் அப்படியே இருந்தது.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், எஸ்.ஐ.யிடமும் என்னிடமும் சொன்னார். "ரத்தம் ரொம்பச் சிவப்பா இருக்குது. விஷவாயு மாதிரி தெரியுது. லேப் ரிசல்ட் வர்ற வரைக்கும் ரூமைப் பூட்டுங்க. சூளையையும் நிறுத்திடுங்க."

சூளையின் புகைக்குழாய் சுவருக்குள் விரிசல் விட்டிருந்தது. அதன் வழியாக வந்தது கார்பன் மோனாக்சைடு – நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. லேப் ரிசல்ட்டும் அதையேதான் சொன்னது. அந்த வாயு ரத்தத்தைப் பளீரென்று சிவக்க வைக்குமாம். தெருவே மெச்சிய களை அதுதான்!

ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தால் டாக்டரம்மா திட்டு வாங்காமல் தப்பித்திருப்பார். எங்களுக்கு? அந்த ரூமில் விளக்கு எரிந்திருக்கும். பக்கத்தில் சூளையும் எரிந்திருக்கும்.

காரியம் முடிந்ததும் மாமாவின் தம்பிதான் முதல் ஆளாக கிளினிக்குக்குக் கிளம்பினார். "அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேங்க" என்று கும்பிட்டார்.

"அதை விடுங்க. பாப்பா பரீட்சை எழுதிச்சா?" என்றார் டாக்டரம்மா.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் தங்கினேன். விடிந்ததும் விடியாததுமாக அக்கா, மகளை உலுக்கினாள்.

"ஏம்மா, இன்னிக்கு லீவும்மா! தெனமும் எழுப்பி எழுப்பிப் பார்க்கிறியே, உனக்கு வேற வேலையே இல்லியா?" என்று எரிந்து விழுந்த பெண், போர்வையை இழுத்து மூடிக்கொண்டது.

அக்கா சிரித்தாள். மாமா போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

டாக்டரம்மா... இந்தப் பிள்ளை எங்களை இப்படியே தினமும் திட்டிக்கொண்டிருக்கட்டும். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்!