படகுக்குப் பின்னால் நின்ற மாமா

எங்கள் குப்பத்துக்கு நோட்டும் கையுமாக யார் வந்தாலும் இரண்டில் ஒன்று நடக்கும். ஏதாவது கொடுப்பார்கள், இல்லாவிட்டால் எதையாவது எடுத்துக்கொள்வதற்கு அளந்துவிட்டுப் போவார்கள். சுனாமிக்குப் பிறகு வீடு கட்டித்தர வந்தவர்கள் பெயரை எழுதினார்கள். சாலையை அகலமாக்க வந்தவர்கள் வாசலை அளந்தார்கள். நெம்மேலிக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இருக்கிற சின்ன ஊர்தான் என்றாலும், எழுதப்பட்ட வகையில் நாங்கள் எந்தப் பெரிய ஊருக்கும் சளைத்தவர்கள் இல்லை. அதனால் நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் ஓர் அக்கா நோட்டோடு வந்து இறங்கியதும், என் அம்மா உட்பட பாதித் தெரு ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

அக்கா யார் பெயரையும் எழுதிக்கொள்ளவில்லை. சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாளாம். பெரியவர்கள் சொல்லித்தராமல் பிள்ளைகள் தாமாக விளையாடும்போது ஒருவரிடமிருந்து ஒருவர் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்று பார்க்க வந்திருக்கிறாளாம். பஞ்சாயத்தில் அனுமதி வாங்கி, வீடு வீடாக வந்து பெற்றோரிடமும் கேட்டுக்கொண்டாள். தினமும் மாலையில் வலை பின்னுகிற கொட்டகையில் ஓரமாக உட்காருவாள். பார்ப்பாள், எழுதுவாள், அவ்வளவுதான். எங்களிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்று.

"நான் இங்க இருக்கிறதையே மறந்துடுங்க."

மறக்கச் சொன்னால் எந்தப் பிள்ளை மறக்கும்? முதல் நாள் முழுக்க நாங்கள் பதினோரு பேரும் வரிசையாக மணலில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

மாமாவால்தான் இதைத் தாங்க முடியவில்லை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. மாமல்லபுரம் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களை ஆட்டோவில் ஏற்றிச் சுற்றிக்காட்டுவது அவர் தொழில். வழியில் இருக்கிற ஒவ்வொரு பாறைக்கும் ஒரு கதை வைத்திருப்பார். அதே பாறைக்கு மத்தியானத்துக்கு மேல் வேறு கதை இருக்கும். பார்க்க வந்தவர்களை ஏமாற்றத்தோடு திருப்பி அனுப்புவது பாவம் என்பது அவர் கொள்கை.

"ஒருத்தி பஸ்ஸு ஏறி வந்து குந்திகினு கீறா, நீங்க இன்னாடான்னா நொண்டி ஆடிகினு கீறீங்க! நொண்டி எந்த ஊர்ல இல்ல? புச்சா எதனா காட்டுனாத்தான் நம்ம ஊரு பேப்பர்ல வரும்," என்றார்.

காட்டுவதற்குப் புதிதாக எதுவும் எங்களிடம் இல்லை. எனவே அவரே ஒன்றை உண்டாக்கினார். அதன் பெயர் கடல்ராசா ஆட்டம். ஒருத்தி நடுவில் பனையோலைக் கிரீடம் வைத்து உட்கார வேண்டும். மற்றவர்கள் சிப்பியை ஏந்திக்கொண்டு அவளை மூன்று முறை சுற்றி, "கடலு ராசா, கடலு ராசா, காணிக்க இன்னா? சங்கு ரெண்டு சிப்பி ரெண்டு, வாங்கிக்கோ மன்னா!" என்று பாடிக் கும்பிட வேண்டும். ஜெயிக்கிறவரும் கிடையாது, தோற்கிறவரும் கிடையாது. சண்டை போட அதில் இடமே இல்லை. மாமா சின்ன வயதில் விளையாடியே இருக்க மாட்டாரோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவருடைய அக்கா மகள் என்ற தகுதியில் கடல்ராசா நான்.

இரண்டு நாள் ஒத்திகைக்குப் பிறகு அரங்கேற்றம் நடந்தது. கரையில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் படகுக்குப் பின்னால் மாமா நின்றுகொண்டு, யாராவது பாட்டை மறந்தால் வாயசைத்தார். அக்கா பக்கம் பக்கமாக எழுதினாள். மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

அவள் தினமும் வந்ததால் நாங்களும் தினமும் ஆட வேண்டியிருந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்து எனக்குக் கால் மரத்துப்போகும். நல்ல வேளையாக நாலரை மணிக்கு அக்கா மேட்டிலிருக்கும் டீக்கடைக்குப் போய்விடுவாள், மாமாவும் அடுத்த சவாரிக்கு ஓடிவிடுவார். உடனே கிரீடம் ஒரு பக்கம் பறக்கும். எல்லோருடைய செருப்பையும் மணலில் கொட்டி மீன் ஏலம் விடுவோம். ரப்பர் செருப்பு வஞ்சிரம், பள்ளிக்கூட ஷூ சுறா. ஏலம் கூவுவது நான். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் மீதி நேரத்தைப் பொறுத்துக்கொண்டோம்.

மூன்றாவது வாரத்தில் ஒரு மதியம் அம்மா அக்காவை வற்புறுத்திச் சாப்பிட வைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலியில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் எத்தினி நாளு இப்பிடி வெயில்ல வந்துகினு இருப்ப? எதனா எயுதிக் குடுத்துட்டு வூட்டுக்குப் போயேன்மா," என்றாள் அம்மா.

அக்கா சிரித்தாள். "அப்படி முடியாதும்மா. கண்ணால பார்த்ததை மட்டும்தான் எழுதணும். தப்பா எழுதினா பட்டம் கிடையாது. இந்த வருஷம் முடிக்கலேன்னா கிளம்பி வந்துடுன்னு எங்கப்பா சொல்லிட்டார். மாப்பிள்ளைகூடப் பார்த்து வெச்சிருக்கார்."

எனக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. அந்த நோட்டு நிறையக் கடல்ராசா இருக்கிறார். கடல்ராசாவோ மாமாவின் ஆட்டோ ஸ்டாண்டில் பிறந்தவர். நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால் அக்காவின் படிப்பு போச்சு, யாரோ ஒரு மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். இவ்வளவுக்கும் காரணம் கிரீடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்த நான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் கொட்டகைக்கே போய், "அக்கா, ஒன்னு சொல்லணும்" என்றேன். "விளையாடற நேரத்துல நான் பேசக்கூடாதும்மா. அப்புறம்," என்றாள். அந்த அப்புறம் வரவே இல்லை. சாயங்காலமானால் மாமா அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் பஸ் ஸ்டாப்பில் விட்டுவிடுவார். மாமாவின் முன்னால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கடைசி நாளும் வந்தது. மாமாவுக்கு முட்டுக்காட்டுச் சவாரி கிடைத்ததால் அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு நடந்தே கிளம்பினாள். நான் அப்போது ஏலத்தின் நடுவில் இருந்தேன். பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். என் செருப்பு வஞ்சிரமாகக் குவியலில் கிடந்தது, தார்ச்சாலை காலைச் சுட்டது. பஸ் ஸ்டாப்பில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அத்த எயுதாத! அந்த ஆட்டம் பொய்யி. எங்க மாமா கட்டுனது. நானு ராசாவே இல்ல!" என்று சொல்லி ஓவென்று அழுதேன்.

அக்கா பதறவில்லை. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, நோட்டின் முதல் பக்கங்களில் ஒன்றைப் பிரித்து விரல் வைத்து வாசித்தாள். "படகுக்குப் பின்னால் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நிற்கிறார். பாட்டை மறக்கும்போதெல்லாம் பிள்ளைகள் அவரைப் பார்க்கிறார்கள். ராசாவுக்குக் கொட்டாவி வருகிறது."

"மொத நாளே தெரியுமா?"

"மொத நாளே."

"அப்பறம் இன்னாத்துக்கு எயுதுன?"

"எனக்காக நீங்க எல்லாரும் சேர்ந்து ஒண்ணு செஞ்சு காட்டினீங்க. அதுவும் நடந்ததுதானே? நடந்ததை எழுதினா அது எப்படிப் பொய்யாகும்?"

பிறகு வேறு பக்கங்களைப் புரட்டினாள். அங்கே எங்கள் செருப்பு ஏலம் இருந்தது. எங்களில் எல்லோரையும்விடச் சின்னப் பையனுக்கு, ஏலம் கேட்டுக் கேட்டே, யாரும் சொல்லித்தராமல் ஐம்பது வரை எண்ண வந்துவிட்டது இருந்தது. டீக்கடை மேட்டிலிருந்து கரை முழுக்கத் தெரியும் என்பது எங்கள் யாருக்கும் உறைத்திருக்கவில்லை. ஒரு நாள் நாங்கள் அவளைப் போலவே நடித்து விளையாடியதும் இருந்தது. அதை வாசிக்கும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒருத்தி கட்டையில் உட்கார்ந்து ஓலையில் எழுதுகிறாள். நடுநடுவே மூக்கைச் சொறிகிறாள்." நிஜமாகவே தான் அப்படி மூக்கைச் சொறிவதுண்டா என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அப்பாடா என்றிருந்தது. அப்படி ஒரு நிம்மதியை அதற்குப் பிறகு எந்தப் பரீட்சை முடிவும் எனக்குக் கொடுத்ததில்லை. இருந்தாலும் ஒன்றை மட்டும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"அப்ப நீ பாஸா அக்கா?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாஸ்," என்றாள்.

பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள். நான் வெறுங்காலோடு குதித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து மூன்று தட்டு சோறு சாப்பிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, வாங்கிய பட்டத்தோடும் ஒரு பெட்டி இனிப்போடும் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். "நம்ம ஆட்டத்தாலதான் டாக்டராகிட்டா," என்று ஸ்டாண்டு முழுக்க மாமா சொல்லிக்கொண்டு திரிந்தார். யாரும் மறுக்கவில்லை. அன்றைக்குத்தான் அக்கா, பேச்சோடு பேச்சாக, அம்மாவிடம் அந்த வருஷத்துக் கதையைச் சொன்னாள். எங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய நாள் வரை அவளுடைய பேராசிரியர் நோட்டைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லையாம். பிள்ளைகள் விளையாட்டில் ஆராய என்ன இருக்கிறது என்று அங்கே பலர் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். அப்பா வைத்த கெடுவுக்குச் சில மாதம்தான் பாக்கி இருந்ததாம். அப்பாவிடம் அழுது, சண்டை போட்டு, இன்னும் ஒரு வருஷம் வாங்கினாளாம்.

நான் லட்டு தின்றுகொண்டே கேட்டேன். பழைய கதை, எல்லாம் நல்லபடியாக முடிந்த கதை என்றுதான் பட்டது. இப்போது நானும் பள்ளிக்கூடங்களில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பார்த்ததை மட்டும் எழுதுகிற வேலையில் இருக்கிறேன். பிள்ளைகள் என்னிடமும் ஏதாவது கேட்கிறார்கள். பார்க்காத எதையும் எழுதாத அக்கா, அந்த பஸ் ஸ்டாப்பில் ஒரே ஒரு வார்த்தை சொல்வதற்கு முன் ஏன் அவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்த்தாள் என்று லட்டு தின்ற அன்றைக்குக்கூட எனக்குத் தெரியவில்லை.