அந்த ‘வரேன்’ இல்லீங்க

பானெட்டில் கட்டியிருந்த வாழைக்கன்று கண்ணாடியை மறைத்ததால், தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே ஓட்டினாள் சாமியாத்தாள். தொண்ணூற்றாறாம் வருஷத்து ஆயுத பூஜை நாள். மைசூரில் டாக்ஸிக்காரர்கள் எல்லாரும் வண்டியைக் கழுவிச் சந்தனம் பூசி நிறுத்திவிட்டிருந்தார்கள். அமெரிக்கா புறப்பட்ட புருஷனைப் பெங்களூர் விமான நிலையத்தில் கொண்டுபோய்விட, அவளுடைய டிரைவிங் ஸ்கூல் மாருதிதான் கிடைத்தது. முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ பலகை. சக்கரத்தில் பூசணிக்காய் தெறித்த ஈரம். இடப்பக்கம், தினமும் அவள் உட்காரும் இருக்கையில், இராமச்சந்திரன் முழங்காலை மடக்கித் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொல்லிக்கொடுப்பவருக்காக அந்தப் பக்கமும் ஒரு கிளச், ஒரு பிரேக் உண்டு. கால் பட்டுவிடக் கூடாதென்று வழி நெடுக அப்படியே வந்தான்.

வாசலில் போலீஸ்காரர் விசிலடித்து வண்டியை விரட்டினார். நின்று பேச விடவில்லை. பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, “சரி, வரேனுங்க” என்றாள்.

“போறது நானு. வரேங்கறது நீயா, அம்மிணி?” என்று சிரித்தான்.

அது அவள் வாயில் ஊறிய சொல். ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஜன்னலில் ‘பர்த்தீனி’ என்று கன்னடத்தில் சொல்வாள். பெட்ரோல் பங்கில் சொல்வாள். டெலிபோனை வைக்கும்போதுகூட அதையேதான் சொல்வாள். வெச்சிடறேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழாது. “அதென்னமோ கோவிச்சுக்கிட்டுப் படக்குன்னு வெக்கற மாதிரி இருக்குதுங்க” என்பாள்.

நாற்பதை எட்டிய, ஒடிசலான, வெயிலில் வறண்ட பெண். ஹனூர்ப் பக்கம் பிறந்தவள். அண்ணனின் டெம்போவில் கொள்ளேகால் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போய் ஓட்டப் பழகியவள். குவெம்புநகரில் ஒரு கடைவரிசையின் கடைசி அறைதான் அவள் பள்ளிக்கூடம்: ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் சாலைக்குறிகளின் படம். சாமியாத்தாள் என்ற பேர் மைசூர்க்காரர்களின் வாயில் நுழையாமல் ‘சாமி மேடம்’ ஆகிவிட்டது. புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ. வாயில் எந்நேரமும் உப்பிட்ட நெல்லிக்காய்த் துண்டு ஒன்று. வருவது பெரும்பாலும் பெண்கள்தான். பேங்க்கில் இருப்பவர்கள், கல்லூரியில் பாடம் நடத்துபவர்கள், புருஷன் வாங்கிப்போட்ட காரைத் திருட்டுத்தனமாக ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்கள்.

திட்டமாட்டாள். குரலை உயர்த்தமாட்டாள். கிளச் விடத் தெரியாமல் வண்டியைக் குதிக்கவைப்பவர்களிடம், “தூங்கற கொழந்தையோட தலைக்கடியில இருந்து கையை உருவறீங்கல்ல, அந்த மாதிரி விடுங்க” என்பாள். பிள்ளை பெற்றவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். அவளுக்குக் குழந்தை கிடையாது. இந்த உவமை எங்கிருந்து கிடைத்ததென்று யாரும் கேட்டதில்லை.

பதினோரு மணிக்கு மேல் கார் அடுப்பாகிவிடும். அப்போது கதவைத் திறந்துபோட்டு, ஒரு காலை வெளியே நீட்டி, முழங்காலைத் தேய்த்தபடி உட்கார்ந்திருப்பாள். “ஊருல இருக்கற பயமெல்லாம் காலையில எம்பக்கத்துல வந்து குந்திக்குதுங்க. சாயங்காலம் அதுக போயிருதுக. எனக்குத்தான் அலுப்பு மிஞ்சுது.” அலுப்பு என்ற வார்த்தையை அவள்போல ருசித்துச் சொல்பவர்கள் குறைவு.

அவளால் கற்றுக்கொடுக்க முடியாமல் போனது ஒருவருக்குத்தான். கல்யாணமான புதிதில் இராமச்சந்திரனைத் தொட்டகெரே மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். வண்டி கொஞ்சம் கோணினால் போதும், அவள் வலது கை தானாக நீண்டு ஸ்டியரிங்கைப் பிடித்துவிடும். மூன்றாம் நாள் அவன் வண்டியை நடு மைதானத்தில் நிறுத்தி, சாவியை அவள் மடியில் வைத்துவிட்டு இறங்கினான். “ஊருக்கெல்லாம் வாத்தியார். ஊட்டுலயும் வாத்தியாரா இருந்துக்க.” நடந்தே வீட்டுக்குப் போய்விட்டான். அதற்குப்பின் ஹெப்பாள் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்தான். அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தான். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிப்போகும் என்று உலகம் பயந்த சமயத்தில், அதைச் சரிசெய்ய அமெரிக்காவுக்குக் கிளம்பிய கூட்டத்தில் அவனும் ஒருவன்.

முதலில் நியூஜெர்சி. அங்கே ரயில் இருந்தது, அறையில் கூடத் தங்கப் பையன்கள் இருந்தார்கள். ஞாயிறு காலையில் ஸ்கூல் நம்பருக்குப் போன் வரும். நலம் கேட்பான், சாம்பார்ப் பொடி கேட்பான். ஆறேழு மாதத்தில் கம்பெனி அவனை நாட்டின் நடுப்பக்கம், இண்டியானாபொலிஸ் என்ற ஊருக்கு மாற்றியது. அந்தப் பேரால் தெருவில் ஒரு குழப்பம். மாடிவீட்டுப் பாப்பம்மாள், “ஏன் சாமி, அங்க போயி உங்க வீட்டுக்காரரு இண்டியா போலீசுல சேர்ந்துட்டாராமே” என்று விசாரித்தாள். சாமியாத்தாள் திருத்தவில்லை. “ஆமாங்க. லத்தி மட்டும் இன்னும் குடுக்கலையாம்.”

அந்த ஊரிலிருந்து வந்த போன்களில் சாம்பார்ப் பொடி இல்லை. “பஸ் இருக்குதுங்கறாங்க, இன்னும் நான் கண்ணால பாக்கல. கார் இல்லாட்டி இங்க நொண்டிதான். தினமும் ஒருத்தன் வண்டியில தொத்திக்கிட்டுப் போறேன். நீ வந்துரு, அம்மிணி.”

“வந்து?”

“காலையில என்னைய ஆபீஸ்ல கொண்டுவிடு. சாயங்காலம் வந்து கூட்டிக்க. அவ்வளவுதான்.”

“நடுவுல?”

“நடுவுல என்ன?”

“நடுவுல நான் என்னங்க பண்றது?”

“ரெஸ்ட் எடு. இத்தனை வருஷம் வெயில்ல வெந்தது பத்தாதா?”

கூடப் போகும் மனைவிக்கு அங்கே வேலைசெய்ய அனுமதி இல்லை என்று அவளுக்குத் தெரியும். கேட்பது பெண்டாட்டியையா டிரைவரையா என்று கேட்டுவிட நினைத்தாள். ஊர்விட்டு ஊர் பேசும்போது கேட்கிற கேள்வி இல்லையென்று விட்டுவிட்டாள். ஆனால் ‘ரெஸ்ட்’ என்ற சொல் அவளை விடவில்லை. சாமுண்டி மலை ஏற்றத்தில், பக்கத்தில் ஒருத்தி கிளச்சை மிதிக்க மறந்து அலறும்போது, எங்கேயோ ஒரு சன்னலோரமும் கேட்பாரில்லாத மத்தியானமும் அவள் கண்ணில் ஆடின. போய்விடலாம் என்றும் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அவன் கேட்டான். ஒவ்வொரு ஞாயிறும் அவள் “பாக்கலாமுங்க” என்றாள்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. பேங்க்கில் வேலைபார்க்கும் லீலா, வாசல் சரிவில் என்ஜினை ஓடவிட்டுக் காரில் காத்திருந்தாள். உள்ளே இராமச்சந்திரன் போனில் இருந்தான். “இன்னைக்கு முடிவாச் சொல்லு. நாளைக்குள்ள வாடகை ஊட்டுக்காரனுக்கு நான் பதில் சொல்லணும். வர்றியா, இல்லியா?” பதிலுக்கு அவள் வாயைத் திறந்தபோது, சன்னல் வழியே மாருதி மெல்லப் பின்னால் உருண்டு பூக்காரியின் தள்ளுவண்டியை நோக்கிப் போவது தெரிந்தது. “சரிங்க, வரேன்” என்று போனைப் போட்டுவிட்டு ஓடினாள். இடப்பக்கக் கதவைத் திறந்து, பாதி உடம்பு வெளியே இருக்க, பிரேக்கை மிதித்தாள். மல்லிகைக் கூடை தப்பியது.

அடுத்த ஞாயிறு அவன் குரலே வேறாக இருந்தது. “ரெண்டு ரூமு வெச்ச வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். சன்னலைத் தொறந்தா கொளம். கொளத்துல வாத்து.”

“எதுக்குங்க ரெண்டு ரூமு?”

“எதுக்கா? நீதான் வரேன்னுட்டியே.”

அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு வேகமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை. ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். பழைய கார் ஒன்று பார்த்துவைத்திருந்தான்; அங்கெல்லாம் ஸ்டியரிங் இடப்பக்கமாம். நிறம் என்ன வேண்டும் என்றுகூடக் கேட்டான். “எந்த நெறமானாலும் சரிங்க” என்றாள். கடைசியில் வழக்கம்போல ‘வரேன்’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தாள்.

பிறகு போகிறவள்போலவே நடந்துகொண்டாள். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தாள். குளிர்காலத்தில் கடைபோட வந்த திபெத்தியப் பெண்ணிடம் தடித்த நீலக் கம்பளிச் சட்டை ஒன்று வாங்கினாள். பழக்கிக்கொள்ள வேண்டுமென்று நடுப்பகலில் அதைப் போட்டுக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுத்தாள்.

“ஜுரமா மேடம்?” என்றாள் லீலா. அன்றைக்குப் போனில் நடந்தது அவளுக்கு மட்டும் தெரியும்.

“அமெரிக்காங்க. கண்ணாடியைப் பாருங்க, பின்னால பஸ்ஸு.”

“அப்போ போறது நிஜந்தானா? சார்கிட்ட நீங்க இன்னும் உண்மையச் சொல்லலையா?”

“சொல்றதும் அலுப்பு. சொல்லாம இருக்கறதும் அலுப்பு. மூணாவது கியருக்குப் போங்க.”

முடிவு அவளிடம் முழங்கால் வழியாக வந்தது. மார்கழிக் குளிரில் மூட்டு வீங்கி, ஒரு வாரம் கால் ஊன்றக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். காரை நிறுத்தினாள். வீட்டுக்குள், கட்டிலைச் சன்னலோரம் இழுத்துப்போட்டுப் படுத்தாள். முதல் நாள் நன்றாகத் தூங்கினாள். இரண்டாம் நாளும் தூங்கினாள். அதற்குப்பின் பாப்பம்மாள் காபி கொண்டுவரும் நேரத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். தெருவில் வேறொரு டிரைவிங் ஸ்கூலின் கார் போனது. என்ஜின் முக்கி முனகியது. படுத்தபடியே, “ரெண்டுலயே ஓட்டறாங்க பாருங்க. மூணுக்குப் போகச் சொல்லணும்” என்றாள். பாப்பம்மாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “யாரு கிட்ட சொல்றே?” என்றாள்.

வாரம் முடியுமுன்பே காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஸ்கூலைத் திறந்தாள். அந்த ஞாயிறு போன் மணி அடித்தபோது உட்காராமல் நின்றபடியே எடுத்தாள்.

“விசாவுக்கு எப்ப மெட்ராஸ் போறே?” என்றான் இராமச்சந்திரன்.

“போகலீங்க. நான் அன்னைக்குச் சொன்னது அந்த ‘வரேன்’ இல்லீங்க.”

“எந்த வரேன்?”

“போனை வெக்கறப்ப சொல்றது. எல்லாருகிட்டயும் சொல்றனே, அந்த வரேன்.”

லைனில் கடலுக்கடியிலிருந்து வருவதுபோல ஒரு இரைச்சல்.

“அப்ப ஏர்போர்ட்டுல சொன்னது?” என்றான் அவன்.

“அதுவும் அதுதானுங்க.”

“ஒரு வருசத்துக்கு மேல அதை நான்...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். “சரி. ரெண்டு ரூமு இருக்குது. ஒண்ணுல பொட்டியெல்லாம் வெச்சுக்கறேன்.”

பொங்கலுக்குப் போன் பண்ணினான். யுகாதிக்குப் பண்ணினான். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் போன் மற்ற நாட்களைப்போலவே புதிதாகச் சேர வருபவர்களுக்காக மட்டும் அடித்தது. எடுக்கும்போது ஒரு நொடி தாமதிப்பாள், அவ்வளவுதான். நீலச் சட்டையைப் பாப்பம்மாளுக்குக் கொடுத்துவிட்டாள். கேட்பவர்களிடம், “அவரு அங்க, நான் இங்க. சண்டையெல்லாம் இல்லீங்க” என்பாள். அதற்குமேல் கேட்டால் நெல்லிக்காயை இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, போகும் வழியைப் பார்க்கச் சொல்வாள். லீலா லைசென்ஸ் வாங்கி, சொந்தக் காரில் வந்து ஹாரன் அடித்துக் காட்டிவிட்டுப் போனாள். ஒரு ஆயுத பூஜை வந்து போயிற்று.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் பிறந்து கொஞ்ச நாள். நஞ்சன்கூடு சாலையில் ராகித் தாளை ரோட்டில் பரப்பிப் போக்குவரத்தில் மிதிபட விட்டிருந்தார்கள். வழுக்குமென்று வண்டியை அதில் விடாமல் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தி இறங்கியபோது, எதிர்க்கடை பசவராஜ் படியில் நின்று கையசைத்தார். எஸ்.டி.டி., ஜெராக்ஸ், ஃபேக்ஸ் மூன்றும் அவர் கடையில் உண்டு.

“மேடம், நிமகே ஃபேக்ஸ் பந்திதே. அமெரிக்காவுல இருந்து. தமிழுல இருக்கு, எனக்கு ஓதக்கே வரல்ல.”

சுருண்டுகொள்ளும் காகிதத்தை மேஜைமேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துப் படித்தாள். இராமச்சந்திரனின் கையெழுத்து:

‘லைசென்ஸ் கிடைத்துவிட்டது. மூன்றாவது தடவையில். கண்ணாடி பார்க்கவில்லை என்று இரண்டு தடவை ஃபெயில் செய்தார்கள். நேற்று இங்கே நல்ல பனி. சிக்னலில் வண்டி வழுக்கி, தானாகச் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆபீஸில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வழுக்கும்போது என்ன செய்யவேண்டும்? நீ சொன்னால் செய்வேன். இதே நம்பருக்கு அனுப்பு.’

வா என்று அதில் எங்கேயும் இல்லை. அவள் மறுபடி ஒருமுறை படித்தாள். ரோட்டை மூடுகிற பனியை அவள் கண்ணால் பார்த்ததில்லை.

பசவராஜிடம் வெள்ளைத்தாளும் பேனாவும் வாங்கினாள். நின்றபடியே குனிந்து எழுதினாள்: ‘பிரேக்கைத் தொடவேண்டாம். பின்பக்கம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அந்தப் பக்கமே திருப்புங்க. பயந்து மறுபக்கம் ஒடித்தால் சுற்றிவிடும். ராகித் தாள்மேல் போகிற மாதிரிதான்.’

அது போதாதென்று தோன்றியிருக்க வேண்டும். கீழே மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு கார் வரைந்தாள்: நீள்சதுரம், நான்கு சக்கரம், வண்டி போகிற பக்கத்துக்கு ஒரு அம்புக்குறி. வலப்பக்கம் சின்னதாக ஒரு வட்டம் போட்டு, ஸ்டியரிங் என்று எழுதினாள்.

“ஆயித்தா மேடம், முடிஞ்சுதா?” என்று பசவராஜ் தாளை எடுக்கக் கை நீட்டினார்.

“ஸ்வல்ப இருங்க” என்றாள். தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்த வட்டத்தை அடித்துவிட்டு, இடப்பக்கம் போட்டாள்.