டப்பாவை மூடிய எண்

எல்கேஜி படிக்கும்போது எனக்கு ஒரு மந்திரம் தெரிந்திருந்தது. இரண்டோடு ஒன்றைக் கூட்டிச் சரியான விடையைச் சொன்னால் டப்பா மூடிக்கொள்ளும். மூடியது மிஸ்ஸின் கைதான். ஆனால் அந்தக் கையை மூட வைத்தது என் வாய்.

ஓசூரில் கம்பெனிக்காரர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு நடுவே இருந்தது எங்கள் பள்ளி. அப்பாவுக்கு ஊத்தங்கரைப் பக்கம்; ஷிப்ட் முடிந்து வந்தால் தூக்கம்தான். எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தது அம்மா. அவள் வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குக்காரி. வீட்டில் தமிழில்தான் பேசுவாள். ஆனால் அவரைக்காய் உரிக்க உட்கார்ந்தால் வாய் தன்னால் ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு என்று போகும். கொட்டைகளை எடுத்து வைத்தபடி நானும் கூடவே சொல்வேன். அது தெலுங்கு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மிஸ் கல்யாணமாகித் தஞ்சாவூரிலிருந்து அப்போதுதான் வந்தவர். டப்பாவில் ஒரு புளியங்கொட்டை, அதோடு இன்னொன்று போட்டு எத்தனை என்றார். ரெண்டு என்றேன். தலையாட்டினார், அவ்வளவுதான். இன்னும் ஒன்று போட்டுக் கேட்டார். "மூடு" என்றேன். விளையாட்டு எனக்குச் சலித்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, மூடியை எடுத்து மூடிவிட்டார். மறுநாளும் அப்படியே. எனக்கு மெய்சிலிர்த்தது. வீட்டில் அரிசி டப்பா முன்னால் நின்றும் சொல்லிப் பார்த்தேன். அது அசையவில்லை. படிக்காத டப்பா என்று விட்டுவிட்டேன்.

மிஸ்ஸுக்கோ, பதில் தெரியாமல் அதிகாரம் பண்ணுகிறேன் என்று கோபம். வருடக் கடைசியில் அம்மாவை வரவழைத்து, இந்தப் பிள்ளையை யூகேஜிக்கு அனுப்ப முடியாது, இங்கேயே இருக்கட்டும் என்றார். பக்கத்து வீட்டுத் தோழி போய்விடுவாள்; நான் மூக்கொழுகும் வாண்டுகளோடு உட்கார வேண்டும். எனக்கு அழுகை முட்டியது.

என் முன்னாலேயே கேளுங்கள் என்றாள் அம்மா. டப்பா வந்தது. இரண்டு கொட்டை, மேலே ஒன்று. அழுதுகொண்டே "மூடு" என்றேன். மிஸ்ஸின் கை மூடிக்குப் போனது. அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாதீங்க மிஸ்ஸு. அவ சரியாத்தான் சொல்றா. எங்க தெலுங்குல மூணுக்கு 'மூடு'ன்னு பேருங்க. ரெண்டும் ஆறும் மட்டுந்தான் ரெண்டு பாஷையிலயும் ஒண்ணு. மத்ததெல்லாம் வேற."

மிஸ் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். யூகேஜி உறுதியானது. நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை. கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூணு என்று சொல்லிப் பார்த்தேன், கூடவில்லை. மூடு என்று சொல்லிப் பார்த்தேன், குறையவில்லை. நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவை தம் பாட்டுக்கு அத்தனையாகவே இருந்தன. அதைவிடப் பெரிய அதிசயத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து அம்மா அவரைக்காய் உரிக்கும்போது தமிழில் எண்ணினாள். மணிக்கணக்காகத் தமிழ் பேசுகிறவள் எண்ணும்போது மட்டும் ஒவ்வொரு எண்ணாகத் தேடி எடுத்தாள். ஒண்ணு என்று நிறுத்துவாள். நாலு என்று சொல்லி, வாய்க்கு வந்த மிச்சத்தை விழுங்குவாள். பாவம், அம்மாவுக்குக் கணக்கு வராது என்று நினைத்து நானே எடுத்துக் கொடுப்பேன். ரெண்டு வந்தாலும் ஆறு வந்தாலும் மட்டும் அவள் குரல் தடையில்லாமல் ஓடும். அந்த இரண்டும்தான் அம்மாவுக்குப் பிடித்த எண்கள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.