இங்கிலீஷ் நாடகத்தில் நான்

என் மகள் வெளிநாட்டில் நர்ஸ். அவள் இருக்கும் ஊரின் பெயர் என் வாயில் நிற்காது. அந்த ஊர்க்காரர்கள் பேசுவது இங்கிலீஷ் இல்லை, வேறு பாஷை. அதனால் அங்கே இங்கிலீஷ் பேசுகிறவர்கள் சிலர் வேலை முடிந்து ஒரு ஹாலில் கூடி நாடகம் போடுகிறார்கள். ஒரு பேங்க்காரர், ஒரு வாத்தியார், ஒரு பல் டாக்டர், என் மகள். சம்பளம் கிடையாது. ஆசைக்குப் போடுகிறார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை இந்த மாதிரிக் குழுக்கள் பல நாடுகளிலிருந்து ஓர் ஊரில் கூடும். குழுவுக்கு ஒரு சின்ன நாடகம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. கடிகாரத்தோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். கூடினால் மார்க் போய்விடும். முடிந்ததும் நடுவர் மேடைக்கே ஏறி, எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று சனத்துக்கு முன்னால் சொல்வார். இதெல்லாம் மகள் போனில் சொன்னது.

நான் கொடைக்கானலில் டாக்சி ஓட்டுகிறேன். வீடு நாயுடுபுரம். ஏழாவது வரை படித்தேன். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷில் போர்டு படிப்பேன், அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, இந்த வருஷம் எங்க குரூப்புல நான் எழுதுன நாடகத்த எடுத்திருக்காங்க."

"சரி."

"அதுல நீங்க வர்றீங்க."

"நான் எங்க வர்றது?"

"நீங்க இல்லப்பா. உங்கள மாதிரி ஒருத்தரு. அம்மா ஆஸ்பத்திரில கெடந்த அன்னைக்கு."

துடைத்த துணியை வண்டி மேல் வைத்தேன்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்க. கோவிச்சுக்க மாட்டேன். வேற ஒரு நாடகம் கையில இருக்கு, அதப் போட்டுக்குவோம். வெள்ளிக்கிழமைக்குள்ள விழாக்காரங்களுக்கு எழுதுனத அனுப்பணும். உங்க போனுக்கு அனுப்பிருக்கேன். யாரையாச்சும் படிச்சுச் சொல்லச் சொல்லுங்க. எனக்கு வாயால சொல்ல வரல."

இருபத்திரண்டு பக்கம். எல்லாம் இங்கிலீஷ்.

அந்த நாளைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது இது. மனைவிக்குக் காலையில் திடீரென்று முடியாமல் போனது. அக்கம்பக்கத்தார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் சவாரியோடு பூம்பாறை மலைக் கிராமத்தில் இருந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் இறந்துபோனாள். நான் நாலு மணிக்கு வந்தேன். ரோட்டில் மரம் விழுந்துவிட்டது என்று சொன்னேன். மழை மாதம். மலையில் மரம் விழும். யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. "பாவம், கடைசியில மொகத்தப் பாக்க விடாமப் பண்ணிருச்சே அந்த மரம்" என்று அழுதார்கள்.

மரம் விழவில்லை.

மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பதினாறு வருஷமாகிறது. நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இப்போது இருபத்திரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். அதில் மரம் விழுந்ததா, விழவில்லையா. எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

அவளிடமே கேட்கலாம். கேட்டால் ஏன் கேட்கிறேன் என்று நினைப்பாள். போனே தமிழில் மாற்றித் தரும் என்பார்கள். எனக்கு மாற்றத் தெரியாது. ஸ்டாண்டில் ஒருவனிடம் கொடுத்தால் அவன் முதலில் படித்துவிடுவான்.

செவ்வாய்க்கிழமை சவாரி இல்லை. வண்டியை இரண்டு தடவை துடைத்தேன். மூன்றாம் தடவை துடைக்கும்போது பக்கத்து வண்டிக்காரன் சொன்னான்.

"அண்ணே, பெயிண்ட்ட விட்டு வைங்கண்ணே. தகரம் தெரியுது."

எல்லாரும் சிரித்தார்கள். நான் துணியை மடித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்துவிட்டேன்.

புதன்கிழமை பஜாரில் பாய் கடைக்குப் போனேன். பலசரக்குக் கடை. பாய் நன்றாகப் படித்தவர். டூரிஸ்ட்காரர்களிடம் இங்கிலீஷில் பேரம் பேசுவார். போனை எடுத்து மேஜையில் வைத்தேன். திரும்ப எடுத்துப் பைக்குள் போட்டேன். வெளியே எடுத்தேன்.

"என்னண்ணே, போன விக்கிறீங்களா வாங்குறீங்களா?" என்றார் பாய்.

"ஒண்ணுமில்ல பாய்."

"மக பேசுச்சா? எப்படி இருக்கு?"

"நாடகம் போடுது."

"நம்ம புள்ளயா! பேசவே பேசாதே அது. உங்கள மாதிரி வாயத் தொறக்காதே."

அன்று ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர்களில் பாயும் ஒருவர். மரம் விழுந்த கதையை அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர்தான் மற்றவர்களுக்குச் சொன்னார். அவரிடம் எப்படிப் படிக்கக் கொடுப்பது? அரைக் கிலோ பருப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே பருப்பு இருந்தது.

வியாழக்கிழமை மதுரையிலிருந்து ஒரு வயதான ஜோடி. பைன் காட்டில் இறக்கினேன். கணவர் கேமராவோடு உள்ளே போனார். அந்த அம்மா முழங்கால் வலி என்று வண்டியிலேயே இருந்தார். சுட்ட சோளம் வாங்கிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர் என்று வரும் வழியிலேயே சொல்லியிருந்தார். மதுரைக்காரர். நாளைக்கு மலை இறங்கிவிடுவார்.

"டீச்சர், ஒரு ஒதவி. எம் மக இங்கிலீஷ்ல ஒரு நாடகம் எழுதியிருக்கு. என்ன கதைன்னு படிச்சுச் சொல்றீங்களா?"

"கொண்டாங்க. சோலி இல்லாமத்தான உக்காந்திருக்கேன்."

கையை நன்றாகத் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். நான் முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே குரங்கு ஒன்று யாருடைய சிப்ஸ் பாக்கெட்டையோ பிய்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் நாலைந்து பக்கம் படித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஒரு சின்னப் பொண்ணு. ஆஸ்பத்திரி கேட்ல நிக்குது. உள்ள அம்மாவுக்கு முடியல. அப்பா டிரைவரு. மலை கிராமத்துக்கு சவாரி போனவரு. இது அவருக்காகக் காத்திருக்கு."

"சரிங்க."

"அந்த ஊர்லருந்து ஒரு பஸ் வருது. அப்பா இல்ல. அப்புறம் இன்னொரு பஸ் வருது. அதுலயும் இல்ல." பக்கத்தைத் தள்ளினார். "அம்மா செத்துப்போயிர்றாங்க. அப்புறம்தான் அந்த ஆளு வர்றான். ரோட்டுல மரம் விழுந்துருச்சுங்கறான்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணு கேக்குது, என்ன மரம்ப்பான்னு. தைல மரம்ங்கறான். இதுதான் ரெண்டு பஸ்ஸயும் பாத்துருச்சே! ரோடு தெறந்து கெடக்குன்னு அதுக்குத் தெரியும். ஆனா ஒண்ணும் சொல்லல. சரிப்பான்னு சொல்லிருது." டீச்சர் நிமிர்ந்தார். "அந்தாளப் பாரு, சரியான கல்லுளிமங்கன்!"

அவள் அப்படிக் கேட்டது உண்மை. தைல மரம் என்று நான் சொன்னதும் உண்மை. பதினாறு வருஷத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது. பூம்பாறை பஸ் ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டித்தான் வரும். பொய் சொன்னபோது அது என் புத்திக்கு எட்டவில்லை. முப்பது வருஷமாக அந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறவன்.

"இருங்க, இருங்க," என்றார் டீச்சர். "நாந்தான் அவசரப்பட்டுட்டேன். கடைசில வருது. அவன் கூட்டிட்டுப் போன சவாரில ஒரு வயசான அம்மாவுக்கு மலை மேல மயக்கம் வந்திருது. விட்டுட்டு வர முடியல. அவங்களத் தேத்தி, எறக்கிக் கூட்டிட்டு வர நேரமாயிருது. பொண்டாட்டியக் கவனிக்காம அடுத்தவளக் கவனிச்சேன்னு ஊரு சொல்லுமேன்னு மரத்தச் சொல்லிர்றான். பொண்ணு பெரிசானப்புறம் இதக் கண்டுபிடிக்குது. மன்னிச்சிருது." போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஆளு நல்லவன்தான். உங்க பொண்ணு நல்லா எழுதுதுங்க. இது நெசமா நடந்ததா?"

"கதைதாங்க டீச்சர்."

கணவர் வந்து ஏறினார். வண்டியை எடுத்தேன். எனக்கு மனசு ஆறியிருக்க வேண்டும். அவளுக்குத் தெரியும், தெரிந்தும் என்னைக் காப்பாற்றி எழுதியிருக்கிறாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வட்டக்கானல் திருப்பத்தில் திரும்ப மறந்து நேராகப் போய்விட்டேன். டீச்சரின் கணவர்தான் சொன்னார், "டிரைவர், போர்டு அங்க இருக்கு" என்று.

மயக்கம் போட்ட அம்மா யாரும் இல்லை. அன்று நடந்தது வேறு. பூம்பாறையில் நான் டீ குடிக்கும் கடைக்குப் பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது. பேச்சு மூச்சு இல்லை, வெரசா வா என்றார்கள். சவாரிக்காரர்கள் நல்லவர்கள். "நீங்க கெளம்புங்க, நாங்க பஸ்ல வந்துக்கறோம்" என்று அவர்களே சொன்னார்கள். ஒரு மணி பஸ்ஸில் ஏறிப் போயும் விட்டார்கள். நான் வண்டியில் உட்கார்ந்தேன். சாவி கையில் இருந்தது. போனால் அவளை அந்தக் கோலத்தில் பார்க்க வேண்டும். அதற்கு என்னால் முடியவில்லை. பூண்டுத் தோட்டத்தில் ஆட்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம். ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கலாம். உயிரோடு பார்த்திருக்கலாம்.

சாயங்காலம் ஜோடியை ஓட்டலில் விட்டுவிட்டு, அங்கேயே நிறுத்தி மகளைக் கூப்பிட்டேன்.

"படிச்சேன்," என்றேன்.

"யாரு படிச்சா?"

"ஒரு டீச்சரு. வெளியூரு."

அவள் மூச்சு விடுவது கேட்டது. "போடட்டுமாப்பா?"

"அந்த மயக்கம் போட்ட அம்மாவ யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. நானா வச்சேன். அப்படி ஏதாச்சும் இருந்திருக்கும்னு."

"அப்படி ஒண்ணும் இல்ல."

அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வைப்பரை ஒருமுறை போட்டேன். கண்ணாடியில் தண்ணீர் இல்லை. அது காய்ந்து கிரீச்சென்று போனது.

"வண்டி நல்லா இருந்துச்சு. ரோடு நல்லா இருந்துச்சு. சவாரியும் பஸ்ல போயிருச்சு. நான் வரல. பயமா இருந்துச்சு. வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தேன்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"போடுறதுன்னா அதப் போடு. அந்த அம்மாவ எடுத்துரு," என்றேன்.

போன் வைக்கப்பட்டது. யார் வைத்தது என்று தெரியாது. அன்று நான் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்கப் போன் வரவில்லை. பேரிஜம் போகிற சவாரி ஒன்றைப் பக்கத்து வண்டிக்காரனுக்குத் தள்ளிவிட்டேன். ஸ்டாண்டில் நிற்பதும் லேக் ரோட்டில் நடப்பதுமாக இருந்தேன். மகள் என்னோடு இனி பேச மாட்டாள் என்றுதான் நினைத்தேன். அப்படி நடந்தால் நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

சனிக்கிழமை வெள்ளனே ஒரு செய்தி வந்திருந்தது. தமிழில் அடித்திருந்தாள், எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'அந்த அம்மா சீனை எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் அவரை உட்கார வைத்திருக்கிறேன். அனுப்பியாச்சு.'

அதற்கப்புறம் இரண்டு மாதம் அவள் கூப்பிடும்போது அதைப் பற்றிப் பேசவில்லை. மழை பெய்கிறதா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான். ஆனால் கூப்பிட்டாள்.

விழா முடிந்ததும் வீடியோ அனுப்பினாள். வண்டியில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பேச்சு ஒன்றும் புரியவில்லை. என் மகள் சின்னப் பெண் மாதிரி இரட்டைச் சடை போட்டு நிற்கிறாள். நானாக வந்தவர் அந்தப் பேங்க்காரர். ஆறடி உயரம், வெள்ளைக்காரர். மேடையில் வண்டி இல்லை, ஒரு நாற்காலி மட்டும். அதில் உட்கார்ந்து கையில் ஒரு சாவியை வைத்துக்கொண்டு எதிரே பார்க்கிறார். பேச்சில்லை. ஹாலில் யாரோ இருமினார்கள். அவர் எழுந்திருக்கவே இல்லை. அந்த இடம் எனக்குப் புரிந்தது.

அவளைக் கூப்பிட்டேன்.

"பாத்தேன்."

"எப்படிப்பா இருக்கு?"

"நடுவரு என்ன சொன்னாரு?"

"நல்லா இருக்குன்னாரு. பரிசு வேற குரூப்புக்குப் போயிருச்சு. ஒரு கொறை சொன்னாரு. அந்த ஆளு சும்மா உக்காந்திருக்கறது ரொம்ப நேரமாம். நாலு நிமிஷம். பாதியாக் கொறைச்சிருக்கலாம்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"நாங்க பதில் பேசக் கூடாதுப்பா. அது ரூல். தலையாட்டிட்டு எறங்கணும்."

"நாலு நிமிஷங்கறதே கம்மி," என்றேன்.

"தெரியும்ப்பா. முக்கா மணிக்குள்ள அவ்வளவுதான் முடிஞ்சுச்சு."