இரண்டு பேர் கழற்றிய திருகு

தெருமுனையில் தகரக் கூரை போட்ட பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கை எல்லோரும் ‘பதமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வேறு பெயர் வைத்திருக்க வேண்டும். அதை விசாரிக்கப் போனவரிடமும் அவர் “பதமா கேளுங்க” என்றுதான் சொன்னாராம். சுத்தியல் அடிப்பதானாலும் பெண்டாட்டியிடம் வாய் கொடுப்பதானாலும் பதமாகச் செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. இரண்டாவதில் அவர் பதம் இன்னும் கைகூடவில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

அவருடைய இன்னொரு கொள்கை, உலகத்தில் எதுவும் இடது பக்கம் திருப்பினால் கழலும், வலது பக்கம் திருப்பினால் இறுகும் என்பது. ஊறுகாய் பாட்டில் முதல் லாரிச் சக்கரம் வரை இது அவரைக் கைவிட்டதில்லை. எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும் மேசை விசிறி மட்டும் ஒருமுறை காலை வாரியது. அந்த விசிறி இன்றும் கழற்றப்படாத இறக்கையோடும் துடைக்கப்படாத தூசியோடும் அவர் வீட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இப்படிப்பட்டவரிடம் தங்கை புருஷனின் வேன் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை அந்த வேனில் பேக்கரியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிறவர். இன்ஜின் முன்மூடியில் எண்ணெய் கசிந்தது. அலுமினிய மூடி. பழைய மாடல் என்பதால் வேறு மூடி கடைத்தெருவில் தேடினாலும் கிடைக்காது. கழற்றும்போது மூடியின் ஓரத்தில் துளையோடு நீட்டியிருக்கும் காதில் அடியோடு இறுகிப்போயிருந்த இரும்புத் திருகு ஒன்று ஒடிந்தது. ‘ஒடிஞ்சிருச்சு’ என்றுதான் பதமா சொன்னார். ஒடித்தேன் என்று அவர் சொன்னதாக எந்தச் சான்றும் இல்லை.

விடிந்தால் ரொட்டி போக வேண்டும். வண்டி வரவில்லை என்றால் அந்த வேலையை வேறு வேன்காரனுக்குக் கொடுத்துவிடுவதாகப் பேக்கரி முதலாளி சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் முகம் ஆறிப்போன ரொட்டி மாதிரி இருந்தது.

பதமா மூடியை மேசையில் இருந்த வைஸ் இடுக்கியில் நிமிர்த்திப் பிடித்தார். திருகின் முன்பக்கம் காதுக்குள்ளேயே ஒடிந்து மறைந்திருந்தது. பின்பக்கம் மட்டும் விரல் நகம் அளவுக்கு வெளியே நீட்டியிருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்தார். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட அதிகம் விரியும், பிடி தளரும் என்று சொல்லிச் சுற்றிலும் நெருப்புக் காட்டினார். திருகின் நடுவில் துளை போட்டு, அதற்குள் கழற்றுகிற கம்பியைச் செருகினார். கெட்டியான எஃகுக் கம்பி அது. உள்ளே ஒடிந்தால் எந்த டிரில்லும் அதைத் தொடாது; மூடியைக் காயலான் கடைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

கம்பியை இடது பக்கம் திருப்பினார். அசையவில்லை.

கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. மூடியின் பின்பக்கம் போய், நீட்டிக்கொண்டிருந்த முனையைப் பிளையரால் கவ்வினார். பதமா அவரிடம் இடது பக்கம்தான் திருப்ப வேண்டும் என்று மூன்று முறை அழுத்திச் சொன்னார். மாப்பிள்ளையும் அப்படியே செய்தார். மேசையின் இந்தப் பக்கம் ஒருவர் இடது, அந்தப் பக்கம் ஒருவர் இடது. இருவருக்கும் வியர்த்தது. கம்பி ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் போட்டது. இருவரும் ஒரே நேரத்தில் கையை எடுத்துவிட்டு, ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

“மாப்ள, நீ எந்தப் பக்கம் திருப்புற?”

“இடது பக்கம்தான் மச்சான். நீங்க?”

“நானும் இடதுதான்.”

“அப்ப சரியாத்தானே இருக்கு?”

சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எங்கேயோ இடித்தது. பதமா தன் கையைப் பார்த்தார், மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார், கண்ணை மூடிக் காற்றில் கையைச் சுற்றிப் பார்த்தார். வந்த குழப்பம் பெரிதாயிற்றே தவிரக் குறையவில்லை. திருகு மரை கழன்று வருவதற்குள் நமக்குக் கழன்றுவிடும் போலிருக்கிறதே என்று பதமா முனகினார். மறுபடியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் தங்கை வந்து, பேக்கரியிலிருந்து போன், உடனே பேச வேண்டுமாம் என்று புருஷனைக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை பிளையரைக் கழற்றிவிட்டுப் போனார். பதமா பழக்க தோஷத்தில் ஒரு திருப்பு திருப்பினார்.

திருகு சுற்றியது. மூடியின் மரைக்கு ஒரு கீறல்கூட இல்லாமல், நல்ல பிள்ளையாகக் கம்பியோடு வெளியே வந்தது.

போன் பேசித் திரும்பிய மாப்பிள்ளை, தான் பிடித்த பிடியில்தான் அது தளர்ந்தது என்றார். பதமா நெருப்பின் பதம் என்றார். பேச்சு தடிக்கும் நேரத்தில், தங்கை வாளியில் கிடந்த ஈரத் துணியை எடுத்து ஒரு முனையை அண்ணனிடமும் மறு முனையைப் புருஷனிடமும் கொடுத்தாள்.

“ரெண்டு பேரும் இடது பக்கம் திருப்புங்க.”

எதிரெதிரே நின்று திருப்பினார்கள். துணி முறுக்கிக்கொண்டு தண்ணீர் சொட்டியது.

“வீட்ல நானும் இவரும் போர்வை பிழியுறது இப்படித்தாண்ணே.”

இருவரும் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தார்கள். பிறகு பதமா மெதுவாகக் கேட்டார்:

“அப்ப யாரு தப்பா திருப்புனது?”

“யாரும் தப்பா திருப்பல. எதிரெதிரே நின்னு திருப்புனா துணி மாதிரி முறுக்கத்தான் செய்யும். ஒரு ஆள் போதும்னு உங்க ரெண்டு பேருக்கும் தோணலயே.”

பொழுது சாய்வதற்குள் மூடி ஏறியது. திருகுகளை முடுக்கும்போது உதவிக்கு வந்த மாப்பிள்ளையைப் பதமா வண்டிக்குள் உட்கார வைத்து, ஸ்டியரிங்கைக்கூடத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். விடிகாலையில் ரொட்டி போனது.

இப்போதும் பட்டறையில் வேலை ஓய்ந்த நேரத்தில் அவரைப் பார்க்கலாம். ஈரத் துணியின் இரு முனையையும் தானே பிடித்து முறுக்கிக்கொண்டிருப்பார். ஒரு கை முன்னால் போகிறது, மற்றது பின்னால் வருகிறது, தண்ணீர் ஒழுங்காக வடிகிறது. இதில் எந்தக் கை கழற்றுகிறது, எந்தக் கை முடுக்குகிறது என்று தெரியாமல், பதமாக ஒருமுறை பிரித்துவிட்டு மறுபடியும் முறுக்குவார்.